வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் நுழைய முடியவில்லையா?



கல்வி உதவி விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நம் அறக்கட்டளை மூன்று சகோதரிகளிடம் கொடுத்திருக்கிறது. மூவரும் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி. சர்வர் நம் அலுவலக மாடியில் இருக்கிறது. அவர்கள் தங்கள் லேப்டாப்பிலிருந்து ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். சென்ற ஜூன் மாதம், கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு காலையில் மூவருக்குமே இணைப்பு கிடைக்கவில்லை. அன்று ஏற்ற வேண்டிய 60 விண்ணப்பங்கள் அப்படியே நின்றன. அவை ஏறினால்தான் மறுநாள் காசோலை எழுத முடியும்.

லுஹர் வரை ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். இன்னொருவர் லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிடலாம் என்றார். கடைசியில் காரணம் மிகச் சிறியது. முந்தின இரவு கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் அணைந்து எரிந்திருக்கிறது. எழுந்ததும் சர்வருக்கு வேறொரு எண்ணைக் கொடுத்துவிட்டது. அஸருக்குள் சரியாகிவிட்டது. சரிசெய்ய ஐந்து நிமிடம், கண்டுபிடிக்க ஆறு மணி நேரம்.

நம் மஹல்லாவில் டேலி கணக்கு, மெடிக்கல் கோடிங், வெளிநாட்டுக் கம்பெனியின் பில்லிங் என்று இதே முறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். துபாயில் இருந்துகொண்டு ஊரிலுள்ள கடைக் கணக்கைப் பார்க்கும் வாப்பாமார்களும் உண்டு. இணைப்பு ஒரு நாள் அறுந்தால் ஒரு நாள் சம்பளம் போகிறது. அதனால் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம்.

உண்மையில் என்ன நடக்கிறது?

ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை நடப்பது உங்கள் லேப்டாப்பில் அல்ல, சர்வரில். அங்கிருந்து திரையின் படம் மட்டும் உங்களுக்கு வருகிறது. நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் அங்கே போகின்றன. பழைய லேப்டாப்பே போதும் என்பது இதில் உள்ள வசதி. வழி அடைபட்டால் கையில் ஒன்றுமே இருக்காது என்பது இதில் உள்ள கஷ்டம்.

அந்த வழியில் பல கதவுகள் உண்டு. உங்கள் வீட்டு வைஃபை, இன்டர்நெட் கம்பெனி, அலுவலக ரவுட்டர், சர்வரின் ஃபயர்வால், அதற்குப் பிறகு 3389 என்ற எண்ணுள்ள வாசல் (இதைத்தான் ‘போர்ட்’ என்கிறார்கள்), கடைசியாகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் இடம். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரியாமல் கையில் கிடைத்த சாவியை எல்லாம் போட்டுப் பார்ப்பதால்தான் நேரம் போகிறது.

திரையில் வரும் வாசகத்தை முதலில் படியுங்கள்

நம்மில் பெரும்பாலோர் எரர் வந்தவுடன் ‘ஓகே’யை அழுத்திவிட்டு மறுபடியும் முயல்கிறோம். அந்த வாசகத்திலேயே பாதி விடை இருக்கிறது. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிமோட் கம்ப்யூட்டருடன் இணைய முடியவில்லை என்று சொல்லி, அனுமதி திறக்கப்படவில்லை, கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது, நெட்வொர்க்கில் இல்லை என்று மூன்று காரணங்களைப் போட்டுக் காட்டினால், நீங்கள் சர்வரின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை. இங்கே பாஸ்வேர்டை மாற்றுவதில் பயனே இல்லை. பாஸ்வேர்டு தவறு, அல்லது இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை என்று வந்தால் வழி நன்றாக இருக்கிறது, வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். அப்போது ரவுட்டரைத் தொட வேண்டாம். இந்த ஒரு வித்தியாசம் அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் லுஹருக்கு முன்பே முடித்திருப்போம்.

வாசலுக்கே போகவில்லை என்றால்

முதலில் உங்கள் வீட்டு இன்டர்நெட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வைஃபையை விட்டுவிட்டு, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து முயலுங்கள். அதில் வேலை செய்தால் குறை உங்கள் வீட்டு இணைப்பில். அதிலும் வரவில்லை என்றால் உடன் வேலை பார்க்கும் ஒருவரைக் கேளுங்கள். அவருக்கும் வரவில்லை என்றால் குறை அலுவலகப் பக்கம்.

அலுவலகத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது, அங்கேயே உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்து பார்ப்பது. உள்ளிருந்து நுழைய முடிந்தால் சர்வர் நலம். ரவுட்டரையும் வெளி இணைப்பையும் பாருங்கள். உள்ளிருந்தும் முடியவில்லை என்றால் சர்வரைப் பாருங்கள். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் இடம் தெரிந்துவிடும்.

இங்கே பலர் ‘பிங்’ அடித்துப் பார்த்துவிட்டு, பதில் வரவில்லை, சர்வர் செத்துவிட்டது என்கிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல இடங்களில் பிங்குக்குப் பதில் சொல்லவே விடாது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்ற கட்டளையில் சர்வரின் எண்ணையும் போர்ட் 3389 என்பதையும் கொடுத்தால், அந்த வாசல் திறந்திருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடும்.

எங்களுக்கு நடந்தது இதுதான்: சர்வரின் உள் எண் 192.168.1.10. வெளியிலிருந்து வருகிறவர்களை அந்த எண்ணுக்கு அனுப்பு என்று ரவுட்டரில் எழுதி வைத்திருந்தோம். ஆனால் அந்த எண்ணைச் சர்வருக்கு நிரந்தரமாக்கி வைக்கவில்லை. ரவுட்டர் அணைந்து எழுந்தபோது 10-ஐ அலுவலக பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு, சர்வருக்கு 14-ஐக் கொடுத்துவிட்டது. சகோதரிகள் மூவரும் காலை முழுக்க பிரிண்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! சர்வருக்கென்று அந்த எண்ணை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்தோம். அதன் பிறகு எத்தனையோ முறை கரண்ட் போய்விட்டது, எண் மாறவில்லை.

கடையில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. செலவு குறைந்த இன்டர்நெட் திட்டங்கள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி எண்தான் கிடைக்கும். ரவுட்டரின் பக்கத்தில் வெளி எண் 100.64 முதல் 100.127 வரையுள்ள ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்கும் அப்படித்தான். அந்த நிலையில் ரவுட்டரில் என்ன எழுதினாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. நிலையான தனி எண் வேண்டும் என்று கம்பெனியிடம் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும்.

சர்வரிலேயே குறை என்றால், அது தூங்கிப்போயிருக்கிறதா, அப்டேட் ஏறிக்கொண்டு பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்டேட் என்றால் அரை மணி நேரம் பொறுங்கள். பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். அடுத்து ‘ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்’ என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். ரவுட்டர் புதிதாக மாற்றியிருந்தால் விண்டோஸ் அதை ‘பப்ளிக்’ நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஃபயர்வால் அனுமதி ‘பிரைவேட்’ நெட்வொர்க்குக்கு மட்டும் இருந்தால் அங்கேயே கதவு மூடிவிடும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து நுழைய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் ‘ஹோம்’ பதிப்பில் இந்த வசதியே கிடையாது. ‘ப்ரோ’ வேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் போராடிய ஒரு தம்பியை எங்களுக்குத் தெரியும்.

வாசலில் நிறுத்திவிட்டால்

பெரும்பாலும் இது பழைய பாஸ்வேர்டின் வேலை. பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், லேப்டாப் பழையதைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே அனுப்பும். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற இடத்தில் அதை நீக்கிவிட்டுப் புதிதாக அடியுங்கள். பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப்பின் பயனர் என்று நினைத்து அனுப்பிவிடும். பாஸ்வேர்டின் காலம் முடிந்திருந்தால் பல சர்வர்களில் வெளியிலிருந்து அதை மாற்ற முடியாது; அலுவலகத்தில் இருப்பவர்தான் மாற்றித் தர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் அவர் பெயர் ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நன்கொடையாக வந்த பழைய லேப்டாப்களில் இரண்டு குறைகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, உள்ளே இருக்கும் காசு போன்ற சிறிய பேட்டரி (சிஆர்2032) தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இரண்டு கம்ப்யூட்டர்களின் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று எரர் வரும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். மற்றொன்று, ‘கிரெட்எஸ்எஸ்பி’ என்ற சொல் உள்ள எரர். 2018 மே மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு பக்கம் அந்தப் பாதுகாப்பு ஏறி மறுபக்கம் ஏறாமல் இருந்தால் இணைப்பு மறுக்கப்படலாம். சர்வரில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எந்தப் பக்கம் ஏறவில்லையோ அந்தப் பக்கம் அப்டேட்டை ஏற்றுங்கள்.

எங்கள் இரண்டாவது தடங்கல் ஆகஸ்டில் வந்தது. கணக்குப் பார்க்கும் சகோதரருக்கு மட்டும், அதிக முறை தவறாக முயன்றதால் பூட்டப்பட்டது என்று வந்தது. அவர் ஒரு முறைகூடத் தவறாக அடிக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். சர்வரின் ‘ஈவன்ட் வியூவர்’ பதிவில் 4625 என்ற எண்ணில் பார்த்தால், முந்தைய இரவு முழுக்க முன்பின் தெரியாத வெளி எண்களிலிருந்து ‘அக்கவுண்ட்ஸ்’ என்ற பெயரில் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவருடைய பயனர் பெயரும் அதுதான். பூட்டு தன் வேலையைச் செய்தது, அதனால்தான் தப்பித்தோம்.

3389 வாசலை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைத்தால் இப்படித்தான் நடக்கும். 2019 மே மாதம் வெளிவந்த ‘புளூகீப்’ என்ற குறை பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய இடம் கொடுத்தது. அதற்காக மைக்ரோசாஃப்ட், கைவிட்டுவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அப்டேட் வெளியிட்டது. உதவி பெறும் குடும்பங்களின் விவரங்கள் முழுவதும் அந்தச் சர்வரில் இருக்கின்றன. யார் விதவை, யாருக்கு என்ன நோய், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் வெளியே போனால் அந்த வெட்கத்தை நாம் சரிசெய்ய முடியாது. அன்றே வாசலை மூடினோம். இப்போது விபிஎன் வழியாக வந்த பிறகுதான் சர்வருக்குள் போக முடியும். பெயரையும் மாற்றினோம்.

அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. விபிஎன் போட்ட பிறகு ஒரு சகோதரிக்கு மட்டும் வீட்டு வைஃபையில் வரவில்லை, ஹாட்ஸ்பாட்டில் வந்தது. அவர் வீட்டு ரவுட்டரும் நம் அலுவலக ரவுட்டரும் ஒரே 192.168.1 வரிசையில் எண் கொடுத்துக்கொண்டிருந்தன. 192.168.1.10 எங்கே என்று லேப்டாப் தேடினால் அது அவர் வீட்டுக்குள்ளேயே தேடியது. அலுவலக வரிசையை 192.168.57 என்று மாற்றினோம்.

அமீரகத்தில் இருப்பவர்கள் விபிஎன் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் அங்கே கடும் தண்டனை உண்டு. வேலைக்காக என்றாலும் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உள்ளே போகிறது, ஆனால் வேலை செய்ய முடியவில்லை

கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சர்வருக்கு அது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் போலப் போய்ச் சேரும். அங்கிருந்து வெளியேறி மறுபடி நுழையலாம். வேலை முடிந்ததும் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது வெளியேறுவது ஆகாது. உங்கள் இடம் அங்கே பிடிபட்டே இருக்கும். ‘சைன் அவுட்’ செய்யுங்கள்.

சாதாரணமாக விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்காக ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் நுழையலாம். அதற்கு மேல் தனி உரிமம் வாங்க வேண்டும். வாங்காமலே 120 நாள் ஓடும். பிறகு உரிமம் தரும் சர்வர் இல்லை என்று நிறுத்திவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் இந்த நாள் கணக்கைப் பாருங்கள். உரிமம் இல்லாமல் ஓட்ட ஒரு ‘பேட்ச்’ போட்டுத் தருகிறேன் என்று வருபவர்கள் உண்டு. ஒவ்வொரு அப்டேட்டிலும் அது உடையும். மேலும் பொதுமக்கள் பணத்தில் நடக்கும் அலுவலகம் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது எங்கள் முடிவு. மூன்று பேருக்கும் உரிமம் வாங்கினோம்.

உதவி தேடும்போது

இணைப்பு கிடைக்காத அவசரத்தில் கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடி அழைக்காதீர்கள். நம் பகுதியில் ஒரு குடும்பம் அப்படி அழைத்தது. பேசியவர் திரையைப் பகிரும் ஒரு ஆப்பைச் செல்போனில் ஏற்றச் சொன்னார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. உங்கள் திரையை யாருக்கும் திறந்து காட்டாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு தம்பிகள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு இருப்பார்கள். கட்டணம் இல்லை. வரும்போது எரர் வந்த திரையின் படத்தைக் கொண்டு வாருங்கள். கடைசியாக எப்போது சரியாக வேலை செய்தது, அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது (ரவுட்டர், பாஸ்வேர்டு, கரண்ட் போனது எதுவானாலும்) என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். தேவைப்பட்டால் நீங்களே அடித்துக்கொள்ளலாம்.