நின்றே பணியாற்றுவோரின் கால்கள்

சிறுசேரி என்றதும் கணினி முன் அமர்ந்திருப்போரின் கழுத்துவலியே பலருக்கும் நினைவுக்கு வரும். அதே வளாகங்களில் காவலர்களாகவும் உணவுக்கூடப் பணியாளர்களாகவும் நாள் முழுதும் நிற்போர் எங்களிடம் தாமதமாகவே வருகின்றனர். பெரும்பாலும் கணுக்காலருகே தோல் கறுத்த பிறகு.

காலிலுள்ள இரத்தம் மேலேற உதவுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் இரத்தம் கீழிறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இரத்தம் தேங்கும். நாளடைவில் வால்வுகள் பழுதுபட்டு, சிரைகள் புடைத்துச் சுருளக்கூடும். 'நரம்புச் சுருட்டல்' என்று பலர் கூறினாலும் இது நரம்பு நோயன்று. மாலையில் கால் கனத்து வீங்குவதும், காலையில் வீக்கம் வடிவதும் தொடக்க அறிகுறிகள். வீட்டார் கவனிக்க வேண்டிய கட்டம் இதுவே. புண் வந்துவிட்டால் ஆறப் பல மாதங்கள் ஆகலாம்.

கேரளம் 2018-இல் செய்ததைப்போல, தமிழ்நாடும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. ஆகவே, மேலாளரிடம் நாற்காலி கேட்கத் தயங்க வேண்டா.

நிற்கையில் குதிகால்களை அவ்வப்போது உயர்த்தித் தாழ்த்துங்கள்; படுக்கையில் கால்களைத் தலையணைமேல் வையுங்கள். அழுத்தக் காலுறையை மருத்துவரிடம் காட்டாமல் அணிய வேண்டா, குறிப்பாக நீரிழிவு உள்ளோர். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அது உட்சிரையில் உறைந்த இரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே வாருங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.