யார் தாங்கினார்கள் என்றொரு கணக்கு

நட்டத்தில் முடிந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு கடைக்காரரிடம் போய் "நன்றியோடு இருங்கள்" என்றால் அவர் முறைப்பார். முறைப்பது நியாயம்தான். நன்றியைக் கொண்டுபோய் வாடகை பாக்கி கட்ட முடியாது. மேடைப் பேச்சாளர்கள் அந்தச் சொல்லை ஏற்கெனவே மலிவாக்கிவிட்டார்கள். ஆனால் அதை மனநிலையாகப் பார்க்காமல் கணக்கு வேலையாக எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. மோசமான ஆண்டில் தன்னைத் தாங்கியவர்கள் யார், எவ்வளவு தாங்கினார்கள் என்று ஒரு வியாபாரி எழுதிப் பார்க்கட்டும். லாப நட்டக் கணக்கில் ஏறாத வரவுகள் அதில் வரும். எந்த இடத்தில் பிறர் வந்து முட்டுக்கொடுத்தார்களோ, அந்த இடத்தில்தான் தொழில் பலவீனமாக இருந்தது என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும்.

இதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தெளிவான சான்று 2020-ஆம் ஆண்டு. கோவிட் பெருந்தொற்றால் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோயில் நடை சாத்தி, கல்யாண மண்டபங்கள் பூட்டிய பிறகு பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகள் யாருக்கு மாலை கட்டும்? உணவகங்கள் பொட்டலம் கட்டிக் கொடுத்துக் காலம் தள்ளின. முடிதிருத்தும் நிலையங்களால் ஜூன் 10 வரை கதவைத் திறக்கவே முடியவில்லை. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மலேசியப் பொருளாதாரம் 17.1 விழுக்காடு சுருங்கியது. மீண்டுவிடலாம் என்று எல்லோரும் நம்பியிருந்த தீபாவளி நவம்பர் 14-இல் வந்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பே சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் கட்டுப்பாடு திரும்பிவிட்டது; மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் புடவையும் பலகாரமும் விற்பவர்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில்தான் வரும். அந்த வாரங்களே போயின.

அப்படியிருந்தும் பல கடைகள் பிழைத்தன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதங்களுக்கு வங்கிகள் கடன் தவணையை ஒத்திவைத்தன. 75 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு, 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளம் வாங்கும் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு மாதம் 1,200 வெள்ளி என்று அரசு சம்பள உதவி கொடுத்தது. மொத்த வியாபாரிகள் சிலர் பழைய பாக்கியைக் கேட்காமல் புதுச் சரக்கு இறக்கினார்கள். கட்டட உரிமையாளர்கள் சிலர் வாடகையைக் குறைத்தார்கள். பாதிச் சம்பளத்துக்குத் தலையாட்டிய ஊழியர்களும் உண்டு. இந்தப் பட்டியலை நன்றிப் பட்டியலாக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். சம்பள உதவி சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் பதிந்தவர்களுக்கே கிடைத்தது. பதியாமல், ரொக்கத்தில் சம்பளம் கொடுத்து வந்த கடைக்கு அது எட்டவில்லை. தவணை ஒத்திவைக்கப்பட்டபோதும் பல கடன்களில் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு மொத்த வியாபாரியின் பெருந்தன்மையால் பிழைத்த கடை, அவர் கைவிரித்திருந்தால் மூடியிருக்கும். நன்றி சொல்ல வேண்டிய ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் சரிசெய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

இவர்கள் எல்லாம் தம் நலத்துக்காகச் செய்தவர்கள்தானே, இதில் நன்றி எங்கே வந்தது என்று கேட்கலாம். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வாடகையைக் குறைந்தது 30 விழுக்காடு குறைத்த உரிமையாளருக்கு வரிக் கழிவு இருந்தது. கடை மூடினால் மொத்த வியாபாரியின் பழைய பாக்கியும் சேர்ந்து போயிருக்கும். எல்லாம் சரி. ஆனால் அதே வரிக் கழிவு எல்லா உரிமையாளர்களுக்கும்தான் இருந்தது; எல்லோரும் குறைக்கவில்லையே. நோக்கத்தை நிறுத்துப் பார்ப்பது நம் வேலையல்ல. வந்த வரவைப் பதிவதே வேலை. இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நன்றி, குடும்பம் என்றெல்லாம் பேசும் முதலாளிகள் பலர், அந்தப் பேச்சைக் கொண்டே ஊழியரின் வாயை அடைக்கிறார்கள். இதை நான் மறுக்கப் போவதில்லை. தொகை எழுதாத நன்றி அப்படித்தான் முடியும். ஊழியர் விட்டுக்கொடுத்த அரைச் சம்பளம் முதலாளிக்கு அவர் கொடுத்த கடன். அதற்குத் தொகையும் தேதியும் எழுதித்தான் ஆக வேண்டும். பூ போட்டு எழுதிய தீபாவளி வாழ்த்து அட்டை அதை ஈடுகட்டாது.

நம் வணிகர்களுக்கு இது புதிதுமல்ல. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார், வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒதுக்கினார்கள். மனம் வந்தபோது கொடுப்போம் என்று விட்டுவைக்காமல் பேரேட்டில் அதற்குத் தனிக் கணக்கே வைத்தார்கள். ஆனால் மகமையோடு நின்றால் போதாது; பலவீனம் தெரிந்த இடத்தைச் சரிசெய்யவும் வேண்டும். அதற்கும் கோலாலம்பூரிலேயே சான்று உண்டு. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பற்றி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் அடித்தது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரை மறுபடி அப்படியே கட்டியிருக்கலாம். அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் செய்தார். அதற்கான செங்கல் சூளைகள் எரிந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

2021 டிசம்பரில் வெள்ளம் திரும்பியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கின. நாடு முழுவதுமாக 610 கோடி வெள்ளி இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. படகோடு வந்த தன்னார்வலர்களுக்கும், அடுப்பு மூட்டிச் சோறு போட்டவர்களுக்கும் கடைக்காரர்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது. ஆனால் நனைந்த சரக்குக்கு அந்த உதவியாளர்கள் பொறுப்பாக முடியாது. வழக்கமான தீக்காப்பீட்டில் வெள்ளம் சேராது. கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். கட்டணம் கட்டுபடியாகாது என்று சொல்லும் சிறு வியாபாரிகள் தங்கள் சரக்கறையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்றாவது அடுத்த பருவமழைக்கு முன் பார்த்துவிடலாம். அதற்குக் காசு ஆகாது.