புத்தளக் கரையோரத்தில் ஊர்தியும் வணிகமும்

ஓர் ஊரின் வளம் அவ்வூரில் விளையும் பொருளினால் மட்டும் அமைவதன்று. விளைந்த பொருள் வெளியூர் செல்லும் வழியினாலும், அவ்வழியிற் செல்லும் ஊர்தியினாலும் அமைவதாகும். உப்பு, கருவாடு, தேங்காய், கொப்பரா, தும்பு என்பனவெல்லாம் ஒருங்கே கிடைக்கும் புத்தளக் கரையோரம் இவ்வுண்மைக்குத் தக்க சான்று. இக்கரையின் கோட்டைகளையும் கோயில்களையும் பற்றி எழுதினோர் பலர். இங்கு ஓடிய தோணி, வண்டி, பஸ் ஆகியவற்றையும், அவற்றை நம்பி வாழ்ந்த வணிகரையும் கைவினைஞரையும் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அதன் நடுவே நிற்கும் ஒரு வினாவை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு வழித்தடம் யாருக்கு உரியது? ஊர்தியை ஓட்டுபவருக்கா, அதில் ஏறிச் செல்பவருக்கா? என்பதே அவ்வினா.

நீர்வழியும் பொதிமாடும்

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா இக்கரையில் வந்திறங்கினார். அவர் பத்தாலா என்று குறித்த ஊர் புத்தளமே என்பது அறிஞர் துணிபு. மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிற்றூர் என அதனை அவர் வருணிக்கின்றார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிலே குவிந்து கிடந்தனவென்றும், சோழமண்டலக் கரையினரும் மலையாளக் கரையினரும் அவற்றை ஏற்றிச் சென்று, ஈடாக மன்னனுக்குத் துணி முதலியன வழங்கினரென்றும் எழுதியுள்ளார். அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி, சிவனொளிபாத மலைக்குச் செல்ல விரும்பிய அவருக்குப் பல்லக்கையும் வழித்துணைவரையும் அளித்தான். பொருள் கப்பலிற் செல்லும். பெரியோர் பல்லக்கிற் செல்வர். ஏனையோர் கால்நடையாய்ச் செல்வர். இக்கரையின் பழம் போக்குவரத்து முழுவதும் இக்குறிப்பினுள் அடங்கிவிடுகின்றது.

கண்டி இராச்சியத்துக்கு நெல்லும் பாக்கும் உண்டு, உப்பு இல்லை. அதனால் புத்தளத்து உப்பு பொதிமாடுகளின் முதுகிலேறி மலைநாடு சென்றது. பாக்கு முதலியன அம்மாடுகளின் முதுகிலேறிக் கடற்கரைக்கு வந்தன. தவளம் எனப்பட்ட இப்பொதிமாட்டுக் கூட்டங்களை நடத்தியோருள் முஸ்லிம் வணிகர் சிறப்பிடம் பெற்றனர். ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையிற் கற்பிட்டியிலே கோட்டை கட்டிக் களப்பின் வாயிலைக் காத்ததும், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கரையோரம் முழுவதையும் தம் வசமாக்கியதும் மலைநாட்டின் வாணிபக் கதவைத் தம் கையில் வைத்திருத்தற் பொருட்டேயாம். உப்பு வழியைக் கையில் வைத்திருந்தவர், மலைநாட்டு அரசனின் அடுப்பங்கரையையே கையில் வைத்திருந்தார் எனலாம்.

ஒல்லாந்தர் களப்புகளையும் ஆற்று முகங்களையும் வாய்க்கால்களால் இணைத்தமையாற் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு என்னும் ஊர்களிடையே உள்நாட்டு நீர்வழி ஒன்று ஏற்பட்டது. அடி தட்டையான படகுகள் அதிற் கொப்பராவும் உப்பும் ஏற்றிச் சென்றன. படகு கட்டும் தச்சர், பாய் தைப்போர், கயிறு திரிப்போர் ஆகியோர் அவ்வழியால் வாழ்ந்தனர். தரைவழி மாட்டு வண்டியோ, சில்லுக்கு இரும்புப் பட்டம் கட்டும் கொல்லருக்கும், ஆரக்கால் செதுக்கும் தச்சருக்கும், மாட்டுக்கு லாடம் அடிப்போருக்கும் பிழைப்பளித்தது. ஊர்தி ஒன்று ஓடினால் அதன் பின்னே பத்துத் தொழில்கள் ஓடும் என்பதை நாம் மறத்தலாகாது.

புகைவண்டியின் வரவு

புகைவண்டிப் பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இற் சிலாபத்தையும், 1926இற் புத்தளத்தையும் அடைந்தது. படகு பல நாளிற் கொண்டு சென்ற கொப்பராவைப் புகைவண்டி சில மணி நேரத்திற் கொண்டு சென்றது. எனவே வாய்க்கால்கள் மெல்ல மெல்லத் தூர்ந்தன. ஆனால் இருப்புப்பாதை கற்பிட்டிக்குச் செல்லவில்லை. பாலாவியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளும் அக்குடாநாடு, புகைவண்டிக் காலத்திற்குப் புறத்தே நின்றுவிட்டது. ஒருகாலத்திற் கப்பல்கள் வந்தடைந்த துறைமுகப் பட்டினம், வீதியின் கடைசி ஊராக மாறிற்று. வழி மாறினால் ஊரின் தலைவிதியும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பஸ் உரிமையாளரும் கம்பனிகளும்

புகைவண்டி நிலையத்துக்கும் வீட்டு வாயிலுக்கும் இடையே இருந்த இடைவெளியை நிரப்பியது பஸ் வண்டியாகும். இலங்கையின் ஏனைய பகுதிகளிற் போலவே இங்கும் தொடக்கத்திற் பஸ் ஒரு குடும்பத் தொழிலாகவே இருந்தது. சிறு முதல் உடையவர் இறக்குமதியான இயந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் வாங்குவார். உள்ளூர்த் தச்சர் மரத்தாலே கூடு கட்டுவார். உரிமையாளரே சாரதி, உறவினரே நடத்துநர். கூரையின் மேல் மூட்டைகள், உள்ளே ஆட்கள் என்னும் வகையில் அது பஸ்ஸாகவும் லொறியாகவும் பணி செய்தது. வண்டிச் சில்லுக்குப் பட்டம் கட்டிய கொல்லர் விற்கம்பி திருத்தக் கற்றார். பஸ் நிற்குமிடத்தில் தேநீர்க் கடை எழுந்தது. உடப்பில் தீமிதிப்பும், முன்னேசுவரத்தில் ஆண்டுத் திருவிழாவும், தலவில புனித அன்னம்மாள் ஆலயத்திற் பெருநாளும் வரும் காலங்களிற் பஸ்காரருக்கும் கடைக்காரருக்கும் ஒரே அறுவடைக் காலமாயிற்று.

இம்முறையின் குறை, ஒரே வீதியிற் பல உரிமையாளர் போட்டியிட்டமையாகும். ஆட்கள் சேரும்வரை ஒரு வண்டி நகராது நிற்கும். பின்னால் மற்றொன்று வந்துவிட்டால் இரண்டும் பந்தயம் ஓடும். இலாபமுள்ள வேளையில் மூன்று வண்டிகள் ஓடும். இருட்டிய பின் ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் எரிபொருளும் உதிரிப் பாகங்களும் அருகிய நிலையில் இவ்வீண் போட்டியை அரசாங்கம் பொறுத்திருக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கப் பஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டம், ஒரு வழித்தடத்தை ஒருவருக்கே உரியதாக்கும் நெறியை வகுத்தது. அதனாற் சிற்றுரிமையாளர் பலர் ஒன்று கூடிக் கம்பனிகளாயினர். தென்கரையிற் சேர் சிறில் டி சொய்சாவின் தென்மேற்குப் பஸ் கம்பனி இவற்றுட் பெயர்பெற்றது.

பந்தயம் ஒழிந்தது, ஆனால் ஏகபோகம் பிறந்தது. வழித்தடம் கம்பனியின் சொத்தாயிற்று. வருவாய் குறைந்த கிராமத்துக்கு வண்டி விடுமாறு கேட்க எவராலும் இயலவில்லை. நெரிசல், நேரந்தவறுதல், ஊழியரின் நீண்ட வேலை நேரம் ஆகிய குறைகள் நாடெங்கும் முழங்கின. 1948இல் இரத்தினம் அறிக்கையும், 1954இற் சன்சோனி அறிக்கையும், 1956இல் ஜயரத்தின பெரேரா அறிக்கையும் பஸ் சேவையின் நிலையை ஆராய்ந்தன.

சபையின் காலம்

1958 ஜனவரி முதலாம் நாள், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சியில், இலங்கைப் போக்குவரத்துச் சபை தன் பணியைத் தொடங்கிற்று. 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் கம்பனிகளின் வண்டிகளையும் பணிமனைகளையும் அரசுடைமையாக்கிற்று. தலைமுறை உழைப்பை ஒருநாளிற் கைவிட நேர்ந்த குடும்பங்களின் துயர் சிறிதன்று. மாலைதோறும் காசு எண்ணிக் கணக்கெழுதியவர், இழப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதுபவரானார். ஆயினும் பயணியின் பக்கம் நின்று நோக்கும்போது, அதுவரை காணாத மூன்று நன்மைகள் விளைந்தன என்க. வருவாய் குறைந்த ஊருக்கும் ஒரு வண்டி கிடைத்தது. மாணவர் குறைந்த கட்டணத்திற் பருவச் சீட்டுப் பெற்றனர். ஊழியர் நிலையான ஊதியமும் ஓய்வுக்கால உரிமையும் பெற்றனர். நாட்டுப்புற மாணவர் பலர் பட்டணத்துக் கல்லூரிகளிற் படித்து மேலெழுந்தமைக்கு அச்சிவப்பு வண்டியும் ஒரு காரணமாகும்.

காலப்போக்கிற் சபை தன் பருமனாலேயே தளர்ந்தது. உதிரிப் பாகம் இன்றி வண்டிகள் பணிமனையிற் கிடந்தன. அரசியற் செல்வாக்கினால் ஆட்கள் மிகுந்தனர். 1978இற் சபை பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இற் தனியார் பஸ் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் போக்குவரத்துச் சபை மறுபடியும் ஒன்றாக அமைக்கப்பட்டது.

மீண்ட வட்டம்

1979இல் மீண்டது பழைய கம்பனி முறையன்று என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு வண்டிக்கு ஓர் உரிமையாளர் என்னும், 1942க்கு முந்திய முறையே பெரும்பாலும் மீண்டது. அதனோடு அக்காலக் குறைகளும் மீண்டன. ஆட்கள் சேரும்வரை காத்திருத்தல், பின் பந்தயம் ஓடுதல், இரவில் இன்மை என்பன பாட்டனார் காலத்துக் குறைகளே. சீருடை அணிந்த மாணவர் கூட்டத்தைக் கண்டு நிறுத்தாது செல்லும் வண்டியும் உண்டு; அரைக் கட்டணத்துக்கு முழு இருக்கை போய்விடும் என்னும் கணக்கே அதற்குக் காரணம். ஆயினும் தனியார் பஸ்ஸை மட்டும் பழித்தல் நீதியாகாது. சபை வண்டி பழுதாகிக் கிடந்த நாட்களில் மீனவரையும் நோயாளரையும் ஏற்றிச் சென்றது அவ்வண்டியே. கடன்பட்டு வண்டி வாங்கியவர் நாள்தோறும் தவணைக்கு உழைக்கின்றார் என்பதும் உண்மை.

இக்கரையின் வணிகத்தைப் பெரிதும் மாற்றிய மற்றொரு நிகழ்ச்சி 1990 அக்டோபரில் நேர்ந்தது. விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் புத்தள மாவட்டத்திலே புகலடைந்தனர். கடையும் லொறியும் இழந்து வந்த அவருட் பலர், இங்கே நடைபாதை வணிகராகத் தொடங்கி மீண்டும் தலைநிமிர்ந்தனர். 2009இற் போர் முடிந்தபின் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் பஸ்களில், தாம் பிறந்த ஊரை முதன்முறை காணச் சென்ற பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். ஒரு வழித்தடம் வணிகத்துக்கு மட்டுமன்றி உறவுக்கும் உரியது என்பதை இஃது உணர்த்தும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தெளிவாவது யாது? போட்டி கட்டுப்பாடின்றிப் பெருகியபோது பயணி துன்புற்றார். ஏகபோகம் கம்பனியின் கையில் இருந்தபோதும் துன்புற்றார். அரசின் கையிலும், பொறுப்புக் குன்றியபோது துன்புற்றார். ஆகவே உடைமை யாருடையது என்பதினும், கடைசி ஊருக்குக் கடைசி வண்டி உரிய நேரத்திற் செல்கின்றதா என்பதே தகுந்த அளவுகோலாகும். நேர அட்டவணையைத் தனியாரும் சபையும் ஒன்றாகப் பகிர்ந்து, இலாபமுள்ள வேளையை நுகர்பவர் இலாபமற்ற வேளையையும் சுமக்கச் செய்தல் வேண்டும். வழித்தடம் பொதுமக்களின் சொத்து. அதில் ஓட்டும் உரிமை ஒரு பொறுப்பே.

1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பிறந்த கரையின் பஸ் வரலாறு, பழைய அனுமதிப் பத்திரங்களிலும், மங்கிய புகைப்படங்களிலும், முதிய சாரதிகளின் நினைவிலும் இன்னும் சிதறிக் கிடக்கின்றது. மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊர் முதியோரை அணுகி அவற்றைக் கேட்டெழுதி வைப்பாராயின், வருங்கால வரலாற்றாசிரியர் அவர்க்கு நன்றி கூறுவர்.