கைப்பிடியில்லாக் கதவுகள்

கதவென்று ஒன்று இருந்தால் அதற்குக் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். மோட்டார் வண்டிகளில் இவ்வழக்கத்தைத் துணிந்து மீறியவர்களுள் கலிபோர்னியாவின் பட்டறைக்காரர்கள் முக்கியமானவர்கள். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின், ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரர்களும் அவர்களைப் போன்ற பிறரும், மெர்க்குரி, ஃபோர்டு முதலிய கார்களின் கூரையைத் தாழ்த்தினார்கள். அலங்காரப் பட்டைகளைக் கழற்றினார்கள். கதவின் கைப்பிடியையும் நீக்கி, துளையைத் தகட்டால் அடைத்து, ஈயம் பூசி இழைத்துவிட்டார்கள். வண்டி ஆற்றுக் கூழாங்கல்லைப் போல் வழவழத்தது.

அப்படியானால் உள்ளே ஏறுவது எங்ஙனம்? கதவினுள் 'சாலினாய்டு' என்னும் கம்பிச் சுருள் ஒன்றை அமைப்பார்கள். மறைவான பொத்தானை அழுத்தினால் சுருளில் மின்சாரம் பாய்ந்து, நடுவிலுள்ள இரும்புத் தண்டு உள்ளிழுக்கப்படும், தாழ் விடுபடும். கதவை வெளியே தள்ள ஒரு ஸ்பிரிங்கும் உண்டு.

பாட்டரி ஓய்ந்துபோனால்தான் வேடிக்கை. பாட்டரி இருப்பது பானட்டுக்குள். பானட்டைத் திறக்கும் பிடி இருப்பது வண்டிக்குள். வண்டிக்குள் செல்லக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்கப் பாட்டரி வேண்டும்!

விஷயமறிந்தவர்கள் இதற்கு மாற்று வழிகளை முன்கூட்டியே செய்துவைப்பார்கள். பாட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை, ஃப்யூஸ் ஒன்றை இடையே வைத்து, வண்டியின் அடியில் மறைவான இடத்திற்குக் கொண்டுவருவது ஒரு வழி. வேறொரு பாட்டரியை அங்கே தொடுத்தால் பொத்தான் உயிர் பெறும். ஆனால் சுருளே கருகிப்போயிருந்தால் இது பயன்படாது. பொத்தானை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாலே சுருள் கருகக்கூடும். ஆகையால் என் அபிப்பிராயத்தில் மேலானது இரும்புக் கேபிள்தான். சைக்கிள் பிரேக்கில் உள்ளது போன்ற உறையிட்ட கேபிளைத் தாழோடு பிணைத்து, மறுமுனையைச் சக்கரத்தின் மேல்வளைவுக்குள் வளையமாக விட்டுவைப்பார்கள். கூரிய வளைவு கூடாது. சேறும் துருவும் பற்றாதிருக்க அவ்வப்போது எண்ணெயிட வேண்டும். டிக்கியின் சாவித்துளையை மட்டும் மூடாமல் விட்டு, கேபிள் முனையை அங்கே வைப்பவர்களும் உண்டு. எவ்வாறாயினும் உட்புறக் கைப்பிடி கையால் இயங்குவதாகவே இருக்க வேண்டும். நம் ரயில் பெட்டிகளில் அவசர ஜன்னல் வைத்திருப்பதும் இத்தகைய முன்யோசனையே.

இது ஏதோ சீமைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டிலும் மஹிந்திரா எக்ஸ்யூவி 700, டாடா கர்வ் போன்ற கார்களில் கதவோடு கதவாகப் படிந்த கைப்பிடிகள் வந்துவிட்டன. வெளிநாட்டுக் கார்கள் சிலவற்றில் கைப்பிடி மின்சாரத்தாலேயே இயங்குகிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2021-ஆம் ஆண்டின் டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 குறித்து விசாரணை தொடங்கியது. பின்னிருக்கையில் குழந்தை இருக்க, பெற்றோர் வெளியே நின்று கதவைத் திறக்க முடியாமல் தவித்ததாகப் புகார்கள் வந்தன. சிலர் கண்ணாடியை உடைத்தே குழந்தையை எடுத்தார்கள். சீன அரசோ, மின்சாரமின்றிக் கையால் திறக்கும் வசதி உள்ளும் புறமும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் அது அமலாகிறது. அந்த மாடல் ஒய் காரிலும் முன்புறச் சிறு மூடியின் பின்னே இரு கம்பிகள் உள்ளன. 12 வோல்ட் பாட்டரியைத் தொடுத்தால் முன்மூடி திறக்கும். கலிபோர்னியாப் பட்டறையின் பழைய யுக்தியேதான்!

கார் வைத்திருக்கும் அன்பர்கள் தங்கள் ரிமோட் சாவியைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றுள் மெல்லிய இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். அதற்குரிய துளை ஓட்டுநர் கதவில், சில வண்டிகளில் சிறு மூடிக்கு அடியில், இருக்கும். மாதம் ஒருமுறை அதனால் திறந்து பார்ப்பது நலம். வீட்டுப் பெண்களுக்கும் அவ்விடத்தைக் காட்டிவைக்க வேண்டும். பின்கதவின் குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்தால், உள்ளிருந்து பெரியவர்களாலும் அக்கதவைத் திறக்க இயலாது. முன்னிருக்கைக்குத் தாண்டி வந்துதான் இறங்க வேண்டும்.