பழுது எங்கே? – 17: எட்டு நொடி

முகூர்த்த நாள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கூட்டம். அதற்கு எதிர்வரிசையில் இருக்கிற ஜெராக்ஸ் கடையிலிருந்து காலை ஒன்பதே காலுக்குப் போன் வந்தது.

"அண்ணே, கீபோர்டு செத்துப்போச்சு. பாஸ்வேர்டே போட முடியல. பக்கத்துல போயி புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டினேன். அதுவும் செத்துப்போச்சு."

கடைசி வாக்கியம்தான் எனக்குத் தெம்பு தந்தது. ஒரே காலையில் இரண்டு கீபோர்டு சாகாது. அப்படிச் செத்தால் கொலையாளி வேறு யாரோ.

போய்ப் பார்த்தேன். திரையில் லாகின் பக்கம் சாந்தமாக நிற்கிறது. மவுஸ் ஓடுகிறது. விசைகளைத் தட்டினால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கவுண்டருக்கு வெளியே பட்டா நகலோடு ஏழெட்டுப் பேர்.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் தட்டுவது கேப்ஸ் லாக். கீபோர்டின் ஓரத்தில் எரிகிற அந்தச் சின்ன விளக்கை எரிய வைப்பது கீபோர்டு அல்ல. நாம் விசையை அழுத்தியதும் 'இன்ன விசை அழுந்தியது' என்று கீபோர்டு கணினிக்குச் சொல்கிறது. கணினி அதைக் கேட்டு, யோசித்து, 'சரி, விளக்கைப் போடு' என்று திருப்பி உத்தரவு அனுப்புகிறது. ஆகவே விளக்கு எரிந்தால் விசை, வயர், துளை, உள்ளே கேட்கிற மென்பொருள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று ஒரே தட்டலில் தெரிந்துவிடும். முந்நூறு ரூபாய்ப் பொருளுக்குள் இவ்வளவு நல்ல நாடிப் பரிசோதனையை வைத்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

தட்டினேன். எரியவில்லை. யுஎஸ்பி துளையை மாற்றிக் குத்தினேன். அப்போதும் இல்லை.

அடுத்து, மவுஸால் ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழுவதற்காக ஷட் டவுனின்போது தன் உட்கருவை வட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிற வழக்கம் விண்டோஸுக்கு உண்டு. நேற்றைய கோளாறும் அதோடு சேர்ந்து தூங்கி, சேர்ந்து எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கக் குளித்துவிட்டு வரும்.

கணினி எழும்போது டெலீட் விசையைப் படபடவென்று தட்டினேன். விண்டோஸுக்கு முன்பே எழுகிற பயாஸின் திரை திறந்தது. அம்பு விசைகள் மேலும் கீழும் ஓடின.

ஆக, கீபோர்டு சாகவில்லை.

கீபோர்டு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம், எதுவரை வேலை செய்தது என்பதுதான். கணினி எழுகிற அரை நிமிடத்தில் நம் விசைகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் பயாஸ், தன்னிடமுள்ள எளிய திறமையை வைத்துக் கேட்கிறது. (கீபோர்டு இல்லை, தொடர எஃப்1ஐ அழுத்தவும் என்று பழைய பயாஸ்கள் அறிவித்ததும் இதே இடத்தில்தான். அந்த வாக்கியத்தை எழுதியவர் சிரித்தாரா என்று தெரியாது.) பிறகு விண்டோஸ் எழுந்து, பயாஸிடமிருந்து பிடுங்கித் தன் டிரைவரிடம் கொடுக்கிறது. அதன்பின் லாகின் திரை. பாஸ்வேர்டு சரியானால்தான் நம்முடைய சொந்த அமைப்புகளும் நாம் நிறுவிய மென்பொருள்களும் வருகின்றன. தொடர் ஓட்டத்தில் கட்டை கை மாறுகிற மாதிரி. எந்தக் கையில் கட்டை விழுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது கடைத்தெருவில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. 2015இல் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சில்லுகள் வந்தபோது, 'எங்களுக்கு விண்டோஸ் 7தான் வேண்டும்' என்று அடம்பிடித்தவர்கள் புதுக் கணினியில் பழைய விண்டோஸை நிறுவப் போனார்கள். பயாஸில் கீபோர்டு ஓடியது. விண்டோஸ் 7இன் நிறுவல் திரை வந்ததும் கீபோர்டும் மவுஸும் ஒருசேர உறைந்தன. காரணம், பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்பாட்டுப் பகுதியை இன்டெல் எடுத்துவிட்டிருந்தது, யுஎஸ்பி 3.0க்கான டிரைவர் விண்டோஸ் 7இடம் சொந்தமாக இல்லை. அதை நிறுவல் வட்டுக்குள் நாமே திணித்தால்தான் பிழைப்பு. ஊதா நிற வட்டத் துளையில் குத்துகிற பழைய பிஎஸ்/2 கீபோர்டு வைத்திருந்தவர்கள் அன்றைக்கு ராஜா. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த அந்தத் துளைக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. ஒன்று, அதைக் கணினி ஓடும்போது பிடுங்கிக் குத்தக் கூடாது. அணைத்துவிட்டுத்தான்.

இன்னொன்று அண்மையில் நடந்தது. 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்த அதே நாளில் விண்டோஸ் 11க்கு ஒரு மாதாந்திரப் புதுப்பிப்பு வந்தது. அதை ஏற்றியபின் விண்டோஸுக்குள் எல்லாம் சரி. ஆனால் கணினி நோயில் விழும்போது திறக்கிற மீட்புத் திரையில் மட்டும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் ஊமை. மீட்புத் திரை என்பது தனக்கென்று தனி டிரைவர்கள் வைத்திருக்கிற குட்டி விண்டோஸ். கட்டை அந்தக் கையில் விழுந்திருந்தது. அவசரப் பெட்டியைத் திறக்கும் சாவியையே அவசரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. மைக்ரோசாஃப்ட் ஆறு நாளில், 20ஆம் தேதி, தனித் திருத்தம் வெளியிட்டது.

சரி, ஜெராக்ஸ் கடை. பயாஸில் ஓடுகிறது, லாகினில் ஓடவில்லை. அப்படியானால் கட்டை விழுந்தது விண்டோஸின் கையில். டிரைவரா? விசைகளை மாற்றிப் போடும் மென்பொருள் எதையாவது அரைகுறையாக நீக்கி, அதன் எச்சம் கீபோர்டு டிரைவரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியும் ஆவதுண்டு. யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எனக்குப் போன் செய்த பெண் பொறுமையிழந்து, "வேலை செய்யேன், சனியனே" என்று ஒரு விசையைக் குத்தி, கோபத்தில் அப்படியே அழுத்திப் பிடித்தார்.

திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

நான் கேப்ஸ் லாக்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தேன். ஒரு நொடிக்குப் பிறகு விளக்கு எரிந்தது.

"காலைல கம்ப்யூட்டர் போட்டதும் ஏதாவது பெட்டி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுண்ணே. பத்திரக் கட்டைக் கீபோர்டு மேல வச்சிட்டு சாமி படத்துக்குப் பூ வச்சிட்டிருந்தேன். 'டுய்ங்'குன்னு சத்தம். வந்து பார்த்தா ஏதோ இங்கிலீஷ்ல கேட்டுது. யெஸ் கொடுத்தேன். எல்லாப் பெட்டிக்கும் அதைத்தானே கொடுக்கிறோம்?"

அதைத்தான் கொடுக்கிறோம். நானும்.

வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். லாகின் திரையிலும் கேட்கும். ஆமாம் என்றால், அதன்பின் சட்டென்று தட்டுகிற தட்டலையெல்லாம் தெரியாமல் பட்டதாக எடுத்துக்கொண்டு தள்ளிவிடும். அழுத்திப் பிடித்தால் மட்டுமே எழுத்து. இந்த அமைப்பு குடியிருப்பது கணினியில், கீபோர்டில் அல்ல. அதனால்தான் புதுக் கீபோர்டும் பிறந்த அன்றே செத்தது. பயாஸுக்கோ ஃபில்டர் கீஸ் என்ற பேரே தெரியாது. அங்கே ஓடியதும் அதனால்தான்.

தீர்வும் அதே எட்டு நொடி. வலது ஷிஃப்டை மறுபடி பிடித்தேன், அணைந்தது. மவுஸ் பழகியவர்களுக்கு வேறு வழி: லாகின் திரையின் வலப்புறக் கீழ்மூலையில் அணுகல் வசதிக்கான சின்னத்தைச் சொடுக்கினால் அந்தப் பட்டியலிலேயே ஃபில்டர் கீஸ் இருக்கும். திரையிலேயே விரிகிற கீபோர்டும் அங்கேதான். உண்மையான கீபோர்டு நிஜமாகவே செத்துப்போன அன்றைக்கு, மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கி உள்ளே போய்விடலாம். பின்னால் வரிசையில் நிற்பவர்களை மட்டும் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

இதே லாகின் வாசலில் தமிழ் தட்டச்சுக்காரர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. கீபோர்டு ஓடும், புள்ளிகள் விழும், ஆனால் பாஸ்வேர்டு தவறு என்றே வரும். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பை விண்டோஸிலேயே சேர்த்து வைத்திருப்பீர்கள். லாகின் திரையும் அதே அமைப்பில் நின்றுவிட்டால் 'எம்' என்று நினைத்து அழுத்துவது 'ர' ஆகும். 'எச்' என்பது 'க' ஆகும். புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியின் ஓரத்திலுள்ள கண் சின்னத்தை அழுத்திப் பாருங்கள், குட்டு வெளிப்படும். மூலையில் மொழிக் குறியைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை வைத்து அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவையெல்லாம் லாகினுக்குப் பிறகு எழுபவை.

நான்கு இலக்கப் பின் போடுகிறவர்கள் வலப்பக்க எண்களைத் தட்டி ஒன்றும் விழவில்லை என்றால் 'நம் லாக்' (Num Lock) விசையைப் பாருங்கள். டீ சிந்தியிருந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம், புதுசு வாங்குங்கள்.

அன்று பட்டா வரிசை நகரத் தொடங்கியபின் அந்தப் பெண் கேட்டார்: "இப்படி ஒரு தொல்லைய எதுக்குண்ணே வச்சான்?"

கை நடுங்குபவர்களுக்காக. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டிரேஸ் என்ற ஆய்வு மையம் ஒன்று, சாதாரணக் கைகளுக்காகவே செய்யப்பட்ட கணினியை மற்றவர்களும் ஆளும்படி பல ஏற்பாடுகளைச் செய்தது. விசையைத் தாமதமாக ஏற்பது அதில் ஒன்று. விண்டோஸ் 95இல் அவை உள்ளேயே சேர்ந்துவிட்டன. தற்செயலாகப் பட்டதைத் தள்ளிவிட்டு, வேண்டுமென்று அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எட்டு நொடிக் குறுக்குவழியும் அவர்களுக்காகத்தான். மெனுவுக்குள் தேடிப் போக முடியாதவர்களும் ஒரே விரலால் அதைத் திறந்துகொள்ளலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க மாமனாரு பத்திர எழுத்தரா இருந்தவரு. இப்பக் கை ஆடுது. ஒரு எழுத்த அடிச்சா நாலு விழுதுன்னு கம்ப்யூட்டர் பக்கமே வர்றதில்ல."

விற்ற கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்த புதுக் கீபோர்டு மாமனார் வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை நானும் போய், பெரியவருடைய கணினியில் தாமதத்தை ஒரு நொடிக்கு வைத்துக் கொடுத்தேன். தன் பெயரை அடித்தார். ஒவ்வோர் எழுத்தும் ஒரு முறைதான் விழுந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மெஷினு ரொம்ப மந்தமா இருக்கே, தம்பி."

அரை நொடியாகக் குறைத்தேன்.