முதலில் கை

2025 மார்ச்சில் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகம் நான்கு நோயாளிகளைப் பற்றிய முடிவை அறிவித்தது. நால்வருக்கும் தண்டுவடம் நசுங்கி, காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் அடியோடு போயிருந்தன. ஹிதேயுகி ஒகானோ, மசாயா நகமுரா இருவரின் குழு ஒவ்வொருவரின் காயத்திலும் சுமார் 20 லட்சம் நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தியிருந்தது. ஓராண்டு கழித்து ஒருவர் பிடிமானமின்றி நிற்கிறார், நடக்கப் பழகுகிறார். இன்னொருவரின் கைகால்களில் அசைவு திரும்பியிருக்கிறது. மற்ற இருவரிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை.

உலகம் எழுந்து நின்றவரைப் பற்றியே பேசியது. எனக்கு இரண்டாமவரின் கைதான் பெரிதாகப் படுகிறது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நான்கு கைகால்களும் செயலிழந்தவர்களிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது நடையை அல்ல, கையை. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க, பல் துலக்க, மூக்கைச் சொறிய இன்னொருவரை எதிர்பார்ப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கைகள் தப்பின. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் கட்டி வளர்த்த மறுவாழ்வுத் துறை இருக்கும் ஊருக்குத்தான் இன்றும் ஹவுராவில் ரயிலேறி, கொல்கத்தா குடும்பங்கள் காட்பாடியில் வந்திறங்குகின்றன.

கையில் நரம்பு வெட்டுப்பட்டால் மெல்ல வளரும். தண்டுவடத்தில் வளராது. வளரும் திறனே இல்லை என்பதல்ல காரணம். 1981இல் மான்ட்ரியலின் ஆல்பர்ட் அகுவாயோ குழு எலியின் கால் நரம்புத் துண்டைத் தண்டுவடத்தோடு இணைத்தபோது, வளராது என்று கருதப்பட்ட இழைகள் அதற்குள் நீண்டு வளர்ந்தன. சுற்றியிருக்கும் சூழல்தான் தடை. அடிபட்ட நாட்களில் வீக்கம் செல்களைக் கொல்கிறது. வாரங்கள் போகப் போகத் தழும்பு இறுகி, வழியை அடைக்கிறது. அதனால்தான் கெய்யோ குழு அடிபட்ட 14ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் இடையில் செல்களை வைத்தது: வீக்கம் தணிந்திருக்கும், தழும்பு முற்றியிருக்காது. வைத்த செல்களில் சில நரம்பணுக்களாகிச் செய்தி கடத்த வேண்டும், சில நரம்பிழைக்கு உறையிட வேண்டும்.

கொல்கத்தாவுக்கும் இந்தத் தேடலில் பங்குண்டு. அங்கே டாக்டர் நிரஞ்சன் பட்டாச்சார்யா, கருத்திசுவை நோயாளியின் அக்குள் தோலுக்கடியில் பதித்துப் பார்த்தவர். பின்னாளில் ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் பணியாற்றினார். தண்டுவடக் காயத்துக்கு அக்குள் போதாது, செல் காயத்துக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். சான் டியேகோவில் கருவின் தண்டுவடத்திலிருந்து வளர்த்த செல்களை அப்படித்தான் வைத்தார்கள். அங்கிருந்த நால்வரும் அடிபட்டு ஓராண்டு கடந்தவர்கள். இருவருக்குச் சிறு முன்னேற்றம் என்று 2018இல் எழுதினார்கள். நம் வீடுகளில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோரும் இப்படி அடிபட்டு நாளானவர்கள்தான். அவர்களுக்குக் கெய்யோவின் முடிவு அப்படியே பொருந்தாது.

சிகிச்சை பெறாமலே ஓரளவு தேறுகிறவர்களும் உண்டு. ஒப்பிட, செல் பெறாத இன்னொரு குழு இல்லாதபோது, கெய்யோவில் நின்றவரைச் செல்தான் நிறுத்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆபத்தும் கற்பனையல்ல. மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்கள் செலுத்தப்பட்ட ஒரு சிறுவனின் மூளையிலும் தண்டுவடத்திலும், செலுத்திய செல்களிலிருந்தே கட்டி வளர்ந்திருந்ததை 2009இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இதையெல்லாம் சொல்லாமல், லட்சங்கள் கேட்டு ஊசி போடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. தண்டுவடத்துக்குச் செய்வதெல்லாம் பரிசோதனை. பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அது சிடிஆர்ஐ என்னும் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால், அந்தப் பணம் படுக்கைப் புண் வராத மெத்தைக்கும், நல்ல சக்கர நாற்காலிக்கும், தினமும் வந்து விரல்களை மடக்கி நீட்டும் பிசியோதெரபிஸ்டுக்கும் போகட்டும்.