ஊர்ப்பெயர் தாங்கிய குழுக்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சிற்றூர்களுக்குக் கூடைப்பந்தே திருவிழா. ஊர் மக்கள்தொகையினும் மிகுந்த இருக்கைகள் கொண்ட ஆட்டக்கூடங்களும் அங்கு எழுந்தன. 1911 முதல் 1997 வரை, பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் ஒரே மாநிலப் போட்டிதான்.

1954-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில், 161 மாணவர்களே பயின்ற மைலன் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்னும் பெரும் பள்ளியை எதிர்த்தது. இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையிலும், பாபி பிளம்ப் என்னும் மாணவர் நான்கு நிமிடங்களுக்கு மேலாகப் பந்தைக் கையில் வைத்தபடியே நின்றார்! அதைத் தடுக்கும் விதி அன்று இல்லை. இறுதி விநாடிகளில் அவர் எறிந்த பந்து கூடையில் விழ, 32-30 என மைலன் வென்றது. 1986-இல் வெளிவந்த ‘ஹூசியர்ஸ்’ திரைப்படத்துக்கு இவ்வெற்றியே தூண்டுதல்.

1959-இல் வந்த சட்டத்தின் விளைவாகச் சிற்றூர்ப் பள்ளிகள் பல ஒன்றாக இணைக்கப்பட்டன. மைலன் தப்பியது; மற்றப் பல ஊர்களில் பள்ளியோடு குழுவும், அதன் பெயரும், சட்டையின் நிறமும் மறைந்தன. பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடமும் கூடுதல் ஆசிரியர்களும் கிடைத்தது நன்மையே; மறுப்பதற்கில்லை. ஆயினும், வெள்ளிக்கிழமை இரவில் ஊரார் ஒன்றுகூட வேறு இடம் ஏது? பிறந்த ஊர்ப் பள்ளியின் பெயரைக் கேட்டதும் முகம் மலரும் நமக்கு அவ்வேக்கம் விளங்காததன்று.

நைட்ஸ்டவுனில், அத்திரைப்படம் எடுக்கப்பட்ட பழைய கூடம் இன்றும் காக்கப்படுகிறது. வருவோர் அங்கே பந்தெறிந்து பார்க்கலாம்.